மூன்று மணிக்கு அதே எபிசோடு

ஏப்ரல் 6

வாலு,

நலமா என்று கேட்டால் நீயும் நலம் என்று எழுதுவாய். இரண்டு பேரும் பொய் சொன்னதாகிவிடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தபாலில் கடிதம் வந்ததும் பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேச முடியாத விஷயம், அதனால்தான். இந்த வீட்டில் இருப்பது இரண்டு அறை, நடுவில் ஒரு திரைச்சீலை. உன் அம்மாவுக்கு முறிந்தது இடுப்பெலும்புதான், காது நன்றாகவே கேட்கிறது. செய்தி அனுப்பலாம் என்றால், என் போனுக்கு வருவதெல்லாம் அத்தையின் கட்டில் பக்கத்து டேப்லெட்டிலும் டிங்கென்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன தடவை வந்தபோது இரண்டையும் ஒரே கணக்கில் திறந்து வைத்துவிட்டுப் போனது நீதான். அதைப் பிரிக்க நீ சொல்லிக்கொடுத்த பதினோரு படியில் நான் ஏழாவது படியிலேயே நின்றுவிட்டேன்.

ஆபீசில் புது உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து வீட்டில் உட்கார்ந்து சப்டைட்டில் எழுதுவது கிடையாது. எல்லோரும் தலைமை ஆபீசுக்கு வர வேண்டும். ரயிலில் பன்னிரண்டு மணி நேரப் பயணம். வந்தால் ஒன்பது பேருக்கு மேற்பார்வை செய்யும் இடம் எனக்கு. வராவிட்டால் வேலை போய்விடும். மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை என்னோடுதான் என்று யாரும் சொல்லவில்லை. வேறு மாதிரி என்றும் யாரும் சொல்லவில்லை. இருந்துவிட்டேன், எனக்கும் அது வருத்தமில்லை. ஆனால் நாற்பத்தொரு வயதில் முதல் முறையாக ஒரு இடத்திலிருந்து 'நீங்கள் வேண்டும்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது.

அத்தையை நீ அழைத்துக்கொள்ள முடியுமா? இந்த ஒரு வரியை எழுத நாலு தாள் கிழித்தேன்.

அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணி,

மேற்பார்வையாளர்! கடிதத்தைப் படித்ததும் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

அம்மா விஷயம். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று ஒட்டிய காகிதமே மஞ்சளாகிவிட்டது. வாக்கர் பிடித்து நடக்கிறவர் ஐம்பத்துநாலு படி எப்படி ஏறுவார்? இவர் லாரியோடு பதினைந்து நாள் போனால் இரண்டு நாள்தான் வீட்டில், அந்த இரண்டு நாளும் தூங்குகிறார். பெரியவனுக்குப் பரீட்சை. சின்னவள் இன்னும் என்னை ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். லீவு வந்ததும் பத்து நாள் கட்டாயம் அழைத்துக்கொள்கிறேன். மீதிக்கு ஏதாவது வழி பார்ப்போம். ஆபீசில் ஒரு ஆறு மாதம் தள்ளிக் கேட்டுப் பாருங்களேன்?

அதுவரை உங்கள் சுமை குறைய என்னால் முடிந்தது, நாலு குறிப்பு. கம்ப்யூட்டரில் தெரியாமல் மூடிய பக்கத்தைத் தேடி அலையாதீர்கள், கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வந்து நிற்கும். பால் தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டாதீர்கள், ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் அதனதன் தலையணை உறைக்குள்ளேயே மடித்து வைத்தால் அலமாரியைக் கலைக்க வேண்டாம். டிவியில் கதையின் பழைய சுருக்கம் வந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், வலது அம்புக்குறி தட்டுக்குப் பத்து நொடி தாண்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கே சரக்கு தீர்ந்துவிட்டது, அண்ணி. 'அஞ்சு நிமிஷத்தில்' இணையப் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து குறிப்பு, வாரம் ஆறு நாள். ஆசிரியர் 'புதுசா குடுங்க, எங்கேயும் வராததா குடுங்க' என்று உயிரை எடுக்கிறார். நேற்று எலுமிச்சைத் தோலை வைத்து ஐந்தையும் ஒப்பேற்றினேன். ஒரு வீட்டில் அவ்வளவு எலுமிச்சை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் அங்கே தினமும் நூறு தந்திரம் செய்துதானே ஓட்டுகிறீர்கள்? அதில் நாலைந்தை எழுதி அனுப்புங்களேன்.

அம்மா என் பக்கத்தைப் படிக்கிறார்களா? ஒரே தட்டில் திறக்கிற மாதிரி டேப்லெட் முகப்பில் வைத்துக் கொடுத்தேனே.

வாலு


ஏப்ரல் 20

வாலு,

ஆறு மாதம் தள்ளிக் கேட்டேன். 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. முழு வாக்கியமாக எழுதக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

நீ மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் மாடியும் லாரியும் பரீட்சையும் இருந்தன. அத்தைக்கு இடம் இல்லை. கோபமாக எழுதவில்லை. கோபப்படக் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது இந்த வாரம் கையிருப்பில் இல்லை.

கேட்டாயே என்று எழுதுகிறேன். அத்தையின் படுக்கையில் மெத்தைக்கு மேல் நீர் புகாத விரிப்பு, அதன் மேல் துணி, மறுபடி நீர் புகாத விரிப்பு, மறுபடி துணி என்று இரண்டடுக்காகப் போட்டுவிடுவேன். விடியற்காலையில் நனைந்திருந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவினால் போதும், கீழே சுத்தமான படுக்கை தயார். அவரைக் கட்டிலிலிருந்து இறக்கவே வேண்டாம். மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் பெட்டியில் பிரித்துவிடுவேன். வாக்கரின் முன்கம்பியில் ஒரு துணிப்பை கட்டியிருக்கிறேன். கண்ணாடி, போன், கைக்குட்டை எல்லாம் அதில். இல்லையென்றால் கையில் பிடித்துக்கொண்டு வாக்கரை விட்டுவிடுகிறார். வேலையில் என் குறுக்குவழி ஒன்றுதான், வசனத்தை முக்கால் வேகத்தில் ஓடவிட்டால் நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்ய வேண்டாம். நாள் முழுக்க எல்லோரும் குடிகாரர்கள் மாதிரி பேசுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. அது தந்திரமா, பாவமா தெரியவில்லை.

நான் காலை நாலு மணிக்கு வேலைக்கு உட்காருகிறேன். அத்தை எழுவதற்குள் பாதி எபிசோடு முடித்தால்தான் பகலில் அவரைக் கவனிக்க முடியும். மத்தியானம் மூன்று மணிக்கு அவருடைய சீரியல். அவர் தனியாகப் பார்க்க மாட்டார், நான் பக்கத்துக் கட்டிலில் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. 'இவ யாரு? ஏன் அழறா? போன வாரம் செத்தவன்தானே இவன்?' கண் சொருகும், அவர் கேட்பார், விழிப்பேன். போன மாதம் ஒருநாள் அசதியில் 'தொடர்ந்து பார்க்க' என்பதை அழுத்தினேன். முந்தின நாள் பார்த்த எபிசோடே ஓடியது, கதாநாயகி கோர்ட்டில் சாட்சி சொல்லும் எபிசோடு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வியும் இல்லை. நான் நாற்பத்தைந்து நிமிஷம் செத்த மாதிரி தூங்கினேன்.

மறுநாளும் அதையே போட்டேன். இப்போது ஒரு மாதமாக அதேதான். அத்தைக்கு மாத்திரை போட்டது மறந்துபோகிறது, பல் செட்டை வைத்த இடம் மறந்துபோகிறது. இதுவும் மறந்துபோகிறது என்று நினைக்கிறேன். அந்த ஒரு தூக்கம் இல்லாவிட்டால் நான் எப்போதோ விழுந்திருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கொஞ்சம் இலேசாகும் என்று சொல்கிறேன்.

மே பதினைந்து மறக்காதே.

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், சின்னவளுக்குக் காய்ச்சல்.

நீங்கள் பெரிய ஆள்! நேற்றைய தொகுப்புதான் நம் பக்கத்திலேயே அதிகம் பேர் படித்தது. ஆசிரியர் போன் போட்டு 'இது மாதிரி வீட்டுக்குள்ளிருந்து வர்ற சரக்குதான் வேணும்' என்றார். இரண்டடுக்குப் படுக்கைக்கு எத்தனை பேர் நன்றி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பெயரெல்லாம் போடவில்லை, 'தெரிந்த ஒருவர்' என்றுதான் போட்டேன்.

ஒரு யோசனை. பகலுக்கு மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போனால் என்ன? ராத்திரிக்கு என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கலாம். இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். மருந்து கொடுக்கும் நேரம்.

வாலு


மே 1

உங்களுக்கு,

நான்கு நாளாக அத்தை டிவி பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ரிமோட்டை எடுத்தால் 'எனக்கு வேணாம்' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். வலியா என்றால் இல்லை. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றால் 'எதுக்கு?' நான் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று பயந்து, அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை டேப்லெட்டைச் சார்ஜில் போட எடுத்தேன். உங்கள் பக்கம் திறந்திருந்தது. எழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கியிருந்தார். இழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். திரை முழுக்க அந்த ஐந்தாவது குறிப்பு மட்டும் நின்றது.

'வீட்டில் மறதியுள்ள பெரியவர்கள் இருக்கிறார்களா? தினமும் ஒரே எபிசோடைப் போடுங்கள். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்!'

அந்த ஆச்சரியக்குறியை நான் எழுதவில்லை.

உங்கள் பக்கம் வந்தவுடன் முதலில் படிக்கிற வாசகி அவர்தான். மருந்து மறந்தாலும் அதை மறந்ததில்லை. ஒரே தட்டில் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தது நீங்கள். கேட்டு எழுதியதும் நீங்கள். எழுதும்போது உங்களுக்கு உங்கள் அம்மா நினைவுக்கே வரவில்லையா?

நான் சொன்னதும் தப்புதான். ஒரு மனுஷியிடம் சொன்னேன், ஊருக்குச் சொல்லவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க எனக்குக் கூசுகிறது. நீங்கள் அங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறீர்கள்.

பகலுக்கு ஆள் வைக்கும் யோசனைக்கு நன்றி. பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு நான் இரவுக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தெரிந்த ஒருவர்


மே 5

அண்ணி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே என்னை 'ஏய் வாலு' என்று கூப்பிட்டவர். எட்டி ஒரு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன செய்ய? அதற்குள் வேறு மூன்று பக்கங்களில் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு போன் செய்தேன். 'சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?' என்று மட்டும் கேட்டார். விட்டுவிட்டது என்றேன். 'சரி, வெக்கிறேன்' என்று வைத்துவிட்டார்.

சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்கு நாலு குறிப்புதான் இருந்தது, ஐந்தாவது வேண்டியிருந்தது. மடியில் சின்னவள் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தட்டச்சு செய்தேன். அது என் அம்மா என்று எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணி. இரண்டடுக்குப் படுக்கை மாதிரி, தீய்ந்த பாத்திரம் மாதிரி, அதுவும் ஒரு குறிப்பாகத்தான் தெரிந்தது. எட்டு வருஷமாக எதைப் பார்த்தாலும் இதைச் சுருக்கி நாலு வரியில் போடலாமா என்றுதான் பார்க்கிறேன். களைப்பு எனக்கும் உண்டு. அதை உங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஜோக்கடிக்கிறேன்.

இன்னொரு உண்மையும் எழுதிவிடுகிறேன். மாடிப்படி மட்டும் காரணமில்லை. அம்மாவும் நீங்களும் அந்த இரண்டறையில் அப்படியே இருக்கும்வரை எனக்கு அண்ணன் போனது பாதிதான் நடந்த மாதிரி இருக்கிறது. எப்போதாவது வந்தால் அதே கட்டில், அதே திரைச்சீலை, அண்ணன் கடைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் பூட்டிவிட்டுப் போனால் அதுவும் போய்விடும். இதற்காக உங்களை அங்கே காவலுக்கு வைத்திருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

மன்னிக்க வேண்டாம். திட்டியாவது எழுதுங்கள். 'நீ' என்று போட்டுத் திட்டுங்கள்.

வாலு


மே 9

வாலு,

திட்ட வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று அத்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பின்னால் நின்றே பேசினேன்.

"அத்தை, தப்பு என்னுதுதான். அவளுக்குச் சொன்னது நான்."

"எதை?"

"அதே எபிசோடைப் போட்டதை."

"ரெண்டாம் நாளே தெரியும்டி" என்றார்.

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுந்து மாத்துவே. புதுசைப் போட்டா நான் வாயை வெச்சுக்கிட்டு இருக்க மாட்டேன், கேள்வி கேப்பேன். உன் தூக்கம் போயிடும். மொத நாள் நீ தூங்கினியே, அப்பதான் உன் முகத்தைச் சரியாப் பாத்தேன். என்ன கறுத்துப் போயிருந்தே! சரி, இந்தப் பொண்ணு கோர்ட்ல சாட்சி சொல்லட்டும், இவ தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"நாப்பது நாளா?"

"நாப்பத்தி ஒண்ணு. அந்த வக்கீலை விட வழக்கு எனக்கு நல்லாத் தெரியும் இப்ப. அவன் ஒரு மண்ணு. நான் வாதாடியிருந்தா என்னிக்கோ ஜெயிச்சிருப்பேன்."

வாலு, நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. 'அப்ப எதுக்கு இத்தனை நாளா சுவத்தைப் பாத்துட்டுப் படுத்தீங்க, என்னைக் கொன்னுட்டீங்களே' என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சே, அது நியாயம். நீ தூங்கிட்டிருந்தே. அவ முழிச்சிட்டுதானே எழுதினா? என் வயித்துல பொறந்தவ. அம்மாவுக்குத் தெரியவே தெரியாதுன்னு அவளுக்கு யாரு சொன்னது?"

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் இருக்கிறது. ஆபீஸ் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமினேன். அவரே, "பதினஞ்சாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாமே?" என்றார். ஆபீஸ் அனுப்பிய உத்தரவும் அந்த டேப்லெட்டில் டிங்கென்று வந்திருக்கிறது. நாம் தபால் தலை ஒட்டி ரகசியம் காத்தோம். அவருக்கு என்னோடு சேர்ந்தே தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்வேன் என்று ஒரு மாதம் காத்திருந்தாராம்.

"போறியா?" என்றார். நான் கொண்டையைச் சுற்றி முடிந்தேன். "நான் போன்னு சொல்லாம நீ போக மாட்டே. போ. நீ இங்க இருந்ததும் நான் சொல்லி இல்ல. இதையாவது நான் சொன்னதா இருக்கட்டும்."

ஆபீசுக்கு 'வருகிறேன்' என்று எழுதிவிட்டேன். இனி இது உன்னிடம் கேட்கிற கேள்வி இல்லை. மே முப்பது எனக்கு ரயில். அதற்கு முன் நீ வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. உன் அண்ணன் இல்லை. அத்தையும் உன் வீட்டுக்கு வந்துவிட்டால், இந்தக் குடும்பத்துக்கு நான் யார்? யாருடைய கல்யாணத்துக்கு யார் என்னை எந்த உரிமையில் கூப்பிடுவீர்கள்? மூன்று வருஷமாக இதை யோசிக்காமல் இருக்கத்தான் இவ்வளவு வேலை செய்தேன் என்று தோன்றுகிறது. வேலை இருந்தவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி


மே 14

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ரொட்டிக்கடைக்காரர், மனைவி, ஒரு பையன். என் குதிக்குக் கூரையைத் தட்டுகிறாரே, அவர் இல்லை, அவர் இரண்டாவது மாடி. இவர் தரைவீடு. "அண்ணே, வீடு மாத்திக்கலாமா? நீங்க மேல வாங்க, நான் கீழ வர்றேன்" என்றேன். எனக்கு ஒன்றும் புத்தி பேதலிக்கவில்லையே என்று ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் மனைவி உள்ளிருந்து, "மேல வெயில் வருமா?" என்று கேட்டாள். வரும், துணி ஒரு மணி நேரத்தில் காயும் என்றேன். "அப்ப சரி" என்றாள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

ஒரு மாதமாக உங்களுக்கும் எனக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்த மூன்றாவது மாடி ஐந்து நிமிஷத்தில் இல்லாமல் போய்விட்டது. ஒருமுறைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை. படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சின்னவள் வந்து என்ன என்று கேட்டாள். கால் வலி என்றேன்.

கீழ்வீடு இருட்டு. சமையலறைச் சுவரில் ஈரம். ஆனால் வாசலில் ஒரு படிகூட இல்லை. இவர் லாரியிலேயே வந்து அம்மாவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி வருகிறோம்.

அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி வையுங்கள். இது பக்கத்துக்கு இல்லை. எழுதி முடித்ததும் படித்துவிட்டு மனப்பாடம் செய்துகொள்கிறேன், தாளைக்கூடக் கிழித்துவிடுகிறேன்.

நீங்கள் யார் என்ற கேள்விக்கு என்ன பதில் எழுதினாலும் அலங்காரமாகிவிடும் என்று தோன்றுகிறது. நேரில் வருகிறேன்.

வாலு


மே 20

வாலு,

தாளைக் கிழிக்க வேண்டாம். உனக்கு மறதி அத்தையை விட அதிகம்.

மாத்திரையும் படுக்கையும் உனக்குத் தெரியும், ஊரே தெரிந்துகொண்டது. மற்றதை எழுதுகிறேன். குளிக்க வைக்கும்போது தண்ணீரை முதலில் காலில் ஊற்று, தலையில் ஊற்றினால் பதறுவார். வாக்கர் பிடித்து நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, பதில் சொல்ல நின்று திரும்பிப் பார்ப்பார், அப்படித்தான் ஒரு தடவை விழுந்தார். தண்ணீர் கேட்டு, நீ கொண்டுபோய்க் கொடுத்தும் குடிக்காவிட்டால் திட்டாதே. தாகம் இல்லை, ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டு வா. 'உங்களுக்கு ஏதாவது வேணுமா' என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். கேட்காமல் செய்.

என்னைப் பற்றித் திட்டிப் பேசினால் சேர்ந்து திட்டு. பரிந்து பேசினால் இன்னும் கோபம் வரும்.

எனக்கு இரண்டு பெட்டிதான். இந்த வீட்டில் இருந்த பதினேழு வருஷத்துக்கு இது குறைவு என்று அடுக்கும்போது தெரிந்தது.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

போன கடிதத்தில் சொன்ன கால் வீக்கம் புது ஊரில் குறைந்ததா? ஒன்பது பேரை மேய்ப்பது என் ஒருத்தியை மேய்ப்பதை விடச் சுலபமாகத்தான் இருக்கும்.

இங்கே களைப்பைத் தவிரக் குறையொன்றுமில்லை. உங்கள் தாள் இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வாரம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாம் வாரம் ஈரச்சுவரைத் திட்டினார், பிறகு என் சமையலை, பிறகு என்னை. என்னைத் திட்ட ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் குறிப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். "போ, போய் வேலையைப் பாரு" என்றார். மன்னித்தாரா தெரியவில்லை. 'அஞ்சு நிமிஷத்தில்' பக்கம் இப்போது வாரம் மூன்று நாள்தான், நானே குறைக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். புது ஆஸ்பத்திரி, புதிதாகச் சீட்டுப் போட வேண்டும். நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். வயது கேட்டாள், அம்மா இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னார். மாத்திரை என்னென்ன என்று கேட்டாள், மறந்துவிட்டது. என் வீட்டு முகவரி கேட்டாள், அதுவும் வரவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸ், "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்? நம்பர் சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கடகடவென்று பத்து இலக்கங்களையும் சொல்லிவிட்டார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. உங்கள் நம்பர்.

"அவங்க உங்களுக்கு என்ன ஆகணும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"என் பொண்ணு" என்றார் அம்மா. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் உங்களுக்கு இதை உடனே சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஆனால் அண்ணி, நான் ஒன்று செய்தேன். நர்ஸிடம் சொல்லி அந்த நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுத வைத்தேன். 'பொண்ணு' என்று எழுதியதை மட்டும் அடிக்க வேண்டாம், அது இரண்டு பேருக்கும் பொருந்தும் என்றேன். அம்மாவுக்குக் கோபம், வீடு வரும்வரை பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். மூன்று வருஷம் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தது நீங்கள்.

இனி ஏதாவது அவசரமென்றால் எனக்குத்தான் போன் வரும். நீங்கள் சும்மா கூப்பிடுங்கள்.

வாலு